நகரத்துக்கு நட்சத்திரம், தொழிலாளிக்கு மதிப்பூதியம்

2019 மார்ச் மாதம் ஒன்றிய அரசு வெளியிட்ட தூய்மை நகரங்களின் தரவரிசையில் இந்தூர் முதலிடம் பெற்றது. இரண்டாமிடம் பெற்ற நகரத்தின் பெயரை அதுவரை பலர் கேள்விப்பட்டதே இல்லை. சத்தீஸ்கர் மாநிலத்தின் வடக்கே, ஆதிவாசி மக்கள் நிறைந்த சர்குஜா மாவட்டத்தின் தலைநகரான அம்பிகாபூர்தான் அது. 48 வார்டுகளும் ஒன்றேகால் லட்சம் அளவிலான மக்கள்தொகையும் கொண்ட சிறு நகரம். ஆயிரம் கோடிகளில் வரவு செலவுத் திட்டம் போடும் பெருநகரங்கள் அதற்குப் பின்னால் நின்றன.

இந்தப் பெருமையை அம்பிகாபூருக்கு ஈட்டித் தந்தவர்கள் ஏறத்தாழ 450 பெண்கள். மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு காலையில் வீடு வீடாகச் சென்று மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே வாங்கி, வார்டு மையத்துக்குக் கொண்டுவந்து, கையால் வகை பிரிப்பவர்கள் அவர்கள். அரசு அவர்களைத் ‘தூய்மைச் சகோதரிகள்’ என்று அழைக்கிறது. சகோதரி என்ற உறவுப் பெயர் கிடைத்தது. தொழிலாளி என்ற சட்டப் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் பெறுவது ஊதியம் அல்ல, மதிப்பூதியம். தொடக்க ஆண்டுகளில் அது மாதம் சுமார் 5,000 ரூபாய். 2023இல் மாநில அரசு அதை 7,200 ரூபாயாக உயர்த்தியபோது பெரும் சாதனையாக விளம்பரம் செய்யப்பட்டது. ஏழாவது ஊதியக்குழுப் பரிந்துரைப்படி, ஒன்றிய அரசின் கடைநிலை ஊழியருக்கு 2016 முதற்கொண்டே அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய் என்பதை நினைவில் கொண்டால், இந்தத் தூய்மையின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பது விளங்கும்.

நாடெங்கும் நூற்றுக்கணக்கான சிறு நகரங்கள் வீட்டுக் குப்பையைச் சேகரிக்க எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது என்று விவாதித்துக்கொண்டிருக்கின்றன. இந்த விவாதத்தில் அம்பிகாபூர் ஓர் உதாரணமாக, பெரும்பாலும் அரைகுறையாக, எடுத்துக்காட்டப்படுகிறது. எனவே முழுக் கணக்கையும் பார்ப்பது அவசியமாகிறது.

மேசைமீது மூன்று கோப்புகள்

ஒரு சிறு நகரத்தின் நகர்மன்றக் கூட்டத்தில் பொதுவாக மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, நகராட்சியே தனது சொந்தத் தொழிலாளர்களைக் கொண்டு குப்பையைச் சேகரிப்பது. இரண்டாவது, டெண்டர் விட்டு ஒரு நிறுவனத்திடம் பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒப்படைப்பது. மூன்றாவது, பெண்களின் சுயஉதவிக் குழுக்களை அமர்த்தி, வீடுகளிடம் மாதக் கட்டணம் வசூலித்து, அதிலிருந்து அவர்களுக்கு ஒரு தொகை கொடுப்பது.

முதல் கோப்பு திறக்கப்படுவதற்கு முன்பே மூடப்படுகிறது. பணியிடங்களை நிரப்ப மாநில அரசின் அனுமதி இல்லை; ஓய்வுபெற்றவரின் இடம் காலியாகவே விடப்படுகிறது; பிறகு அந்தப் பணியிடமே ஒழிக்கப்படுகிறது. ஆகவே உண்மையான விவாதம் இரண்டாவது, மூன்றாவது கோப்புகளுக்கு இடையில் மட்டுமே நடப்பதாகத் தோற்றம் உருவாக்கப்படுகிறது. கம்பெனியா, சகோதரிகளா என்று கேட்டால் முற்போக்கு எண்ணம் கொண்ட எவரும் சகோதரிகள் பக்கமே நிற்பார். இந்த இடத்தில்தான் பொறி வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தத் தெரிவு இயற்கையாக உருவானதல்ல. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கத்தின் இரண்டாம் கட்டத்துக்குச் சுமார் 1.41 லட்சம் கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. திடக்கழிவுத் திட்டங்களுக்கான ஒன்றிய அரசின் பங்கு ஆலை, இயந்திரம் முதலான மூலதனச் செலவுக்கே தரப்படுகிறது. தினந்தோறும் குப்பையைச் சுமக்கும் மனிதரின் ஊதியத்துக்குத் தரப்படுவதில்லை. இயந்திரம் வாங்கப் பணம் உண்டு, அதை இயக்கும் தொழிலாளிக்குப் பணம் இல்லை என்ற நிலையை முதலில் தில்லி உருவாக்குகிறது. பின்னர் நகராட்சியைப் பார்த்து, ‘வேறு வழி தேடிக்கொள்’ என்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் பொதுச் சுகாதாரத்தையும் திடக்கழிவு மேலாண்மையையும் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்து உள்ளாட்சியின் பொறுப்பாக்கியது. பொறுப்பு கீழே இறங்கியது. நிதி மேலேயே தங்கிவிட்டது.

டன் கணக்கின் அரசியல்

தனியார் ஒப்பந்தத்தின் உயிர்நாடி ‘டன்னுக்கு இவ்வளவு’ என்ற கட்டண முறை. எடைமேடையில் லாரி எவ்வளவு கனக்கிறதோ, அவ்வளவு பணம். இம்முறையில் குப்பை குறைவது நிறுவனத்துக்கு நட்டம். வீட்டில் உரமாக்கினால் நட்டம். தரம் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பினால் நட்டம். ஈரம் வடிந்தால்கூட நட்டம். கட்டட இடிபாடும் மண்ணும் சேர்ந்து வந்தால் லாபம். குப்பையைக் குறைப்பது நகரத்தின் நலன், பெருக்குவது நிறுவனத்தின் நலன். எந்தக் கண்காணிப்புக் குழுவாலும் தீர்க்க முடியாத முரண்பாடு இது. ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

இதன் விளைவை அரசின் புள்ளிவிவரமே காட்டுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் நாளொன்றுக்கு உருவான திடக்கழிவு சுமார் 1.60 லட்சம் டன். சேகரிக்கப்பட்டது சுமார் 1.53 லட்சம் டன். ஆனால் பதப்படுத்தப்பட்டது சுமார் 80,000 டன் மட்டுமே. அதாவது வீட்டு வாசலிலிருந்து குப்பை அகற்றப்பட்டது. பாதிக் குப்பை ஊர்ப்புறத்தில், பெரும்பாலும் தலித் மக்களும் புலம்பெயர் உழைப்பாளர்களும் குடியிருக்கும் பகுதிக்கு அருகில், மலையாகக் குவிக்கப்பட்டது. 2017 செப்டம்பரில் தில்லியின் காஸிபூர் குப்பை மலை சரிந்து இருவர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு தீப்பற்றி நகரமே பல நாட்கள் நச்சுப்புகையில் மூழ்கியது.

இப்போது பல சிறு நகரங்களை ஒரே தொகுப்பாக்கி, எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளுக்குக் குப்பை வழங்கச் செய்யும் யோசனை முன்தள்ளப்படுகிறது. 1987இல் தில்லி திமார்ப்பூரில் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்துடன் அமைக்கப்பட்ட எரி ஆலை மூன்று வாரங்கள்கூட முறையாக ஓடாமல் நின்றது. இந்திய வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி காய்கறித் தோலும் சோறும் இலையுமாகிய ஈரக்குப்பை என்பதே காரணம். ஈரம் எரியாது, எரிக்க வேண்டுமானால் மறுசுழற்சிக்குப் போக வேண்டிய காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் உலையில் போட வேண்டும். குப்பை பொறுக்கி வாழும் குடும்பங்களின் சோற்றைத்தான் உலை எரிக்கும்.

அம்பிகாபூரின் அறிவியல், அம்பிகாபூரின் ஊதியம்

அம்பிகாபூர் செய்த வேலையின் தொழில்நுட்ப மதிப்பைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2015இல் அந்நகரம் தேர்ந்தெடுத்த முறைக்கு வழிகாட்டியவர் தமிழ்நாட்டின் வேலூரில் அதே முறையை முன்னதாகச் செய்து பார்த்த சி. சீனிவாசன். அம்முறையில் பெரிய ஆலை எதுவும் இல்லை. வார்டுகளுக்கிடையே சிறு மையங்கள். ஈரக்குப்பையில் உண்ணத்தக்கது கோழிக்கும் வாத்துக்கும் மாட்டுக்கும் தீவனமாகிறது, எஞ்சியது உரமாகிறது. உலர்குப்பை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் குப்பை கொட்டப்பட்ட 16 ஏக்கர் கிடங்கு இன்று பூங்கா. ஒரு சிறு நகரத்துக்கு எரி ஆலையும் வேண்டாம், பன்னாட்டு நிறுவனமும் வேண்டாம் என்பதை அந்த 16 ஏக்கர் மெய்ப்பித்திருக்கிறது.

கேரளத்தின் ஆலப்புழையும் வேறொரு வழியில் இதையே மெய்ப்பித்தது. நகரத்தின் குப்பையைத் தங்கள் ஊரில் கொட்டக்கூடாது என்று சர்வோதயபுரம் மக்கள் லாரிகளை மறித்த பின்னர், 2012இல் நகராட்சி மக்கும் குப்பையை அது உருவாகும் இடத்திலேயே உரமாகவும் சமையல் எரிவாயுவாகவும் மாற்றும் இயக்கத்தைத் தொடங்கியது. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அந்நகரைப் பாராட்டியது. அந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தது அதிகாரிகளின் தொலைநோக்கு அல்ல, கிராம மக்களின் மறியல்.

ஆனால் அறிவியலைப் பாராட்டும்போது ஊதியத்தைப் பற்றி மௌனம் காப்பது குற்றம். ஒன்றேகால் லட்சம் மக்கள் வாழும் நகரில் வீடுகள் சுமார் 25,000 என்று கொள்வோருக்கு, வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் முழுவதும் வசூலானாலும் கிடைப்பது 12.5 லட்சம் ரூபாய். 450 பேருக்கு 7,200 ரூபாய் வீதம் தேவைப்படுவதோ 32.4 லட்சம். குடிமக்களின் கட்டணம் மதிப்பூதியத்தில் பாதிக்குக்கூடப் போதாது. மீதிக்கு நகராட்சியின் தயவையும் பழைய பொருள் சந்தையின் விலையையும் நம்பியிருக்க வேண்டும். பழைய அட்டைக்கும் பாட்டிலுக்கும் விலை சரிந்தால் முதலில் ஆட்டம் காண்பது உழைக்கும் பெண்ணின் அடுப்பு.

‘சுயசார்பான மாதிரி’ என்ற புகழுரையின் பொருள் இதுதான். குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம் ஆகிய ஒவ்வொன்றையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் எந்தத் தொழிலும் சுயசார்பானதாகவே தோன்றும். அங்கன்வாடி ஊழியருக்கும் ஆஷா ஊழியருக்கும் இழைக்கப்பட்ட அதே அநீதி இங்கே குப்பை வண்டியின் பின்னால் தொடர்கிறது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒருமனதாகப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்றுவரை கோப்பில் உறங்குகிறது. ஆண் செய்தால் வேலை, பெண் செய்தால் சேவை என்ற ஆணாதிக்கக் கருத்தியல் அரசின் சம்பளப் பட்டியலாகியிருக்கிறது.

இடதுசாரிகளும் இக்கேள்விக்கு விலக்கானவர்கள் அல்லர். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக் காலத்தில் உருவான ஹரித கர்ம சேனையும் பெண்களின் உழைப்பையும் வீட்டுக் கட்டணத்தையுமே அடித்தளமாகக் கொண்டது. அப்பெண்கள் குடும்பஸ்ரீ வழியே அணிதிரட்டப்பட்டிருப்பதும், கட்டணம் செலுத்த மறுப்போர் மீது உள்ளாட்சி நடவடிக்கை எடுப்பதும் முக்கியமான வேறுபாடுகள். இருப்பினும் அணிதிரட்டல் ஊதியத்துக்கு மாற்றாகிவிடாது. பாஜக ஆளும் மாநிலத்தில் சுரண்டல் எனப்படுவது இடதுசாரிகள் ஆண்ட மாநிலத்தில் அதிகாரமளித்தல் ஆகிவிட முடியாது.

‘நகராட்சியிடம் பணம் இல்லை’

நிரந்தரப் பணி என்றவுடன் எழும் முதல் ஆட்சேபம் இது. கணக்கைப் போட்டே பார்க்கலாம். மத்தியத் தொழிற்சங்கங்கள் கோரும் குறைந்தபட்ச ஊதியமான 26,000 ரூபாயை 450 பேருக்கும் கொடுத்தால் மாதம் 1.17 கோடி, ஆண்டுக்கு ஏறத்தாழ 14 கோடி ரூபாய். ஒன்றேகால் லட்சம் மக்களுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 ரூபாய். வைப்பு நிதி, பணிக்கொடை உள்ளிட்ட முதலாளிப் பங்கைச் சேர்த்தாலும் 4 ரூபாயைத் தாண்டாது. ஒரு தேநீரின் விலையில் பாதிகூட இல்லாத இந்தத் தொகையை, உலகின் பெரும் பொருளாதாரங்களில் ஒன்றென்று மார்தட்டும் அரசால் செலவிட முடியாதென்றால், அது வறுமை அல்ல, வர்க்கத் தெரிவு.

இந்தப் பணம் குடிசைவாசியிடமும் மாளிகைவாசியிடமும் ஒரே 50 ரூபாயாக வசூலிக்கப்படத் தேவையில்லை. வணிக வளாகங்கள், தங்கும் விடுதிகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றின் சொத்துவரியைச் சீரமைத்தால் ஒரு பகுதி கிடைக்கும். பிளாஸ்டிக் உறைகளில் சரக்கு விற்கும் நிறுவனங்களுக்கு அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு சட்டப்படி உண்டு. ஆனால் 2022இல் வந்த விதிமுறைகளின்படி அப்பொறுப்பு நிறைவேறியதற்கான சான்றிதழைப் பதிவுபெற்ற பதப்படுத்தும் ஆலைகளே உருவாக்கி விற்கின்றன. தெருவில் குனிந்து அந்த உறையை எடுத்த பெண்ணுக்கு அதில் உரிமைப் பங்கு இல்லை. சிப்ஸ் உறையால் லாபம் கண்டவன் சான்றிதழ் வாங்குகிறான். உறையைப் பொறுக்கியவள் மதிப்பூதியம் வாங்குகிறாள். இந்தப் பணத்தை உள்ளாட்சிக்குத் திருப்புவது நிதிச் சிக்கல் அல்ல, அரசியல் துணிவு பற்றிய கேள்வி.

‘நிரந்தரத் தொழிலாளி வேலை செய்ய மாட்டான்’

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் இழிவானது. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர்கள்மீது சாதிச் சமூகம் சுமத்திய வேலை இது. அந்த வேலைக்கு நிரந்தரத்தன்மையும் ஓய்வூதியமும் கிடைத்த தலைமுறையில்தான் அக்குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதித்தனர். சரியாக அந்தக் கட்டத்தில் ஒப்பந்தமுறை நுழைந்தது. இழிவு அப்படியே நீடிக்கிறது. அதிலிருந்து வெளியேற உதவிய ஏணி மட்டும் எடுக்கப்பட்டுவிட்டது. ‘வேலை செய்ய மாட்டான்’ என்ற வசை அந்த ஏணியை எடுத்தவர்களின் நியாயவாதம்.

அனுபவமும் இந்த வசையைப் பொய்யாக்குகிறது. சென்னையில் 2000ஆம் ஆண்டிலேயே மூன்று மண்டலங்களின் குப்பை சேகரிப்பு ஒரு பன்னாட்டு நிறுவனத்திடம் தரப்பட்டது. அதன்பின் நிறுவனங்கள் மாறி மாறி வந்தன. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பை மலைகள் வளர்ந்தபடியே இருந்தன. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாருக்குத் தரப்பட்டதை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைத் தொழிலாளர் 13 நாட்கள் இரவு பகலாக அமர்ந்திருந்தனர். பெரும்பாலும் பெண்களான அவர்களை நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. பெருந்தொற்றுக் காலத்தில் ‘முன்களப் பணியாளர்’ என்று கைதட்டப்பட்டவர்களே இவர்கள்.

மும்பையில் நிரந்தரத் தொழிலாளருடன் ஒரே லாரியில் ஒரே வேலையைச் செய்த ஒப்பந்தத் தொழிலாளர் 2,700 பேர், சங்கமாகத் திரண்டு பத்தாண்டுகள் வழக்காடினர். ஒப்பந்தம் என்பதே போலி என்று தொழில் தீர்ப்பாயம் கண்டறிந்தது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களை நிரந்தரமாக்கும் உத்தரவை உறுதிசெய்தது. புனேயில் 1993இல் சங்கம் அமைத்த குப்பை பொறுக்கும் பெண்கள், 2008இல் தங்களுக்கே சொந்தமான ‘ஸ்வச்’ கூட்டுறவின் மூலம் வீடு வீடாகச் சேகரிக்கும் உரிமையை மாநகராட்சியிடமிருந்து பெற்றனர். அங்கும் ஊதியச் சுமையை மாநகராட்சி ஏற்கவில்லை என்ற குறை இருக்கிறது. என்றாலும், உலர்குப்பை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அப்பெண்கள் தந்த விடை முக்கியமானது. கம்பெனிக்கு ஒப்பந்தம் கிடைக்கும் நகரங்களில் அதே பெண்கள் ‘திருடர்கள்’ ஆக்கப்படுகிறார்கள்.

சட்டத்தில் வெட்டப்பட்ட குழி

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. நிறுவனத்தின் மையச் செயல்பாட்டில் ஒப்பந்தத் தொழிலாளரை ஈடுபடுத்தக்கூடாது என்று அது கூறுகிறது. ஆனால் மையச் செயல்பாடு எது என்று விளக்கும் இடத்தில் பெருக்குதல், சுத்தம் செய்தல், எல்லா வகைக் கழிவுகளையும் சேகரித்து அகற்றுதல் ஆகியவற்றைப் பெயர் குறிப்பிட்டு விலக்கி வைக்கிறது. நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டதாக இருந்தால் மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. நகராட்சி என்பது பொதுச் சுகாதாரத்துக்காகவே அமைந்த அமைப்பு என்று வாதிட இங்கே இடமிருக்கிறது. தொழிற்சங்கங்கள் இதைக் கைவிடக்கூடாது. அதே வேளையில், ஐம்பதுக்கும் குறைவான தொழிலாளரை வைத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கு ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய அத்தியாயமே பொருந்தாது. முன்பு இந்த வரம்பு இருபதாக இருந்தது. சிறு நகரத்தின் வார்டுகளைக் கூறுபோட்டு நான்கு ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்தால், சட்டம் நகர எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

நகர்மன்றத்தில் நிற்க வேண்டிய இடம்

கம்பெனியா, சுயஉதவிக் குழுவா என்ற கேள்வியை ஏற்றுக்கொண்டு விடை தேடும் கவுன்சிலர், கேள்வி கேட்டவரின் வலையில் விழுந்தவராவார். மூடப்பட்ட முதல் கோப்பைத் திறக்க வைப்பதே அவரது கடமை. அம்பிகாபூரின் சிறு மையங்களும் ஆலப்புழையின் உரத்தொட்டிகளும் நகராட்சியின் நிரந்தரத் தொழிலாளரின் கைகளில் இயங்க முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. மும்பைத் தொழிலாளர் பெற்ற உரிமையை அம்பிகாபூர்ப் பெண்கள் பெற வேண்டும். அம்பிகாபூர்ப் பெண்கள் உருவாக்கிய முறையைப் பெருநகரங்கள் பெற வேண்டும்.

இந்நிலையில் எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை:

வீட்டுக் குப்பை சேகரிப்பை உள்ளாட்சியின் நேரடிப் பணியாக அறிவித்து, காலிப் பணியிடங்களை நிரப்பி, புதிய பணியிடங்களை உருவாக்க வேண்டும்.

இப்போது மதிப்பூதியத்திலும் ஒப்பந்தத்திலும் பணிபுரிவோரையும், குப்பை பொறுக்கி வாழ்வோரையும் முதல் உரிமையாளர்களாகக் கொண்டு அப்பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

அதுவரை மதிப்பூதியத்தை ஒழித்து 26,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமும் முழுச் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும்.

டன் கணக்கில் பணம் தரும் ஒப்பந்தங்களை ரத்து செய்து, வார்டு அளவிலான உரமாக்கும் மையங்களுக்கு நிதி ஒதுக்க வேண்டும்.

ஏழைக் குடும்பங்களிடம் பயனாளர் கட்டணம் வசூலிப்பதைக் கைவிட்டு, பெருமளவில் குப்பை உருவாக்கும் வணிக நிறுவனங்களிடமும் பிளாஸ்டிக் உறை உற்பத்தியாளர்களிடமும் நிதி திரட்ட வேண்டும்.

தூய்மை இந்தியா நிதியில் ஊதியச் செலவையும் சேர்க்க வேண்டும்.

கலந்த குப்பையைக் கையால் பிரிக்கும் கொடுமையை முடிவுக்குக் கொண்டுவந்து, கையுறை, காலணி, குளியலறை, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை ஒவ்வொரு மையத்திலும் உறுதிசெய்ய வேண்டும்.

இக்கோரிக்கைகள் தூய்மைத் தொழிலாளர் சங்கத்தின் கோரிக்கைகளாக மட்டும் சுருங்கிவிடக்கூடாது. குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கும் குடியிருப்போரும், கிடங்கின் நாற்றத்தைச் சுவாசிக்கும் ஊர்ப்புற மக்களும், மாதக் கட்டணம் செலுத்தும் ஏழைகளும் இதில் இயல்பான கூட்டாளிகள். அவர்களை வார்டு தோறும் ஒன்றுசேர்ப்பது கட்சிக் கிளைகளின் அன்றாடப் பணியாக வேண்டும். நகர்மன்றத்தில் அடுத்த டெண்டர் தீர்மானம் வருவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கப்பட்டாக வேண்டும். தீர்மானம் நிறைவேறிய பின் நடக்கும் போராட்டம் பத்தாண்டு நீடிக்கும் என்பதை மும்பை காட்டியிருக்கிறது.

ஒரு நகரத்தின் தூய்மையை அதன் தெருக்களை மட்டும் பார்த்து அளப்பவர்கள் நட்சத்திரம் கொடுக்கட்டும். அத்தெருவைப் பெருக்கியவரின் சம்பளச் சீட்டைப் பார்த்து அளப்பதே பாட்டாளி வர்க்கத்தின் தரவரிசை. அந்தத் தரவரிசையில் முதலிடம் பெறும் நகரம் இந்தியாவில் இனிமேல்தான் உருவாக வேண்டும்.